சானட்டுக்கு நோட்ஸ் வாங்க வேண்டாம்

நன்னிலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "தமிழ்வழியில் படித்த மகள் இப்போது பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. சானட்டில் எது எந்த வகை, எதுகை எங்கே என்று பிடிபடவில்லை என்கிறாள். ஒருவர் 1,500 ரூபாய்க்கு நோட்ஸ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல அகராதி ஒன்று வாங்கிக் கொடுங்கள், மிச்சமும் இருக்கும்.

சானட் என்பது பெரும்பாலும் 14 வரியில் வரும் ஒரு கவிதை வகை. உங்கள் மகள் எதுகையை வரியின் தொடக்கத்தில் தேடுகிறாள். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று பள்ளியில் பழக்கியது நாம்தானே? சானட்டில் ஒலி ஒன்றுவது வரியின் கடைசியில். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர்.

ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானட்டில் ஐந்தாம் வரியிலிருந்து எட்டாம் வரிவரை கடைசிச் சொற்களை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஷைன்ஸ், டிம்ட், டிக்ளைன்ஸ், அன்ட்ரிம்ட். ஒன்றுவிட்டு ஒன்று ஜோடி சேர்கிறதா? இப்படி நான்கு நான்காக மூன்று கட்டு, முடிவில் ஒரே ஒலியில் இரண்டு வரி. இது ஷேக்ஸ்பியர் வகை. முதல் எட்டு வரி ஏபிபிஏ, ஏபிபிஏ என்று (நான்கு வரியில் முதலும் கடைசியும் ஓர் ஒலி, நடு இரண்டும் வேறோர் ஒலி) வந்து, அடுத்த ஆறு வரி வேறு ஒலிக்குப் போனால், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பெயரால் வழங்கும் பெட்ரார்க் வகை. வரிக்குப் பத்து அசை, மென்மையும் அழுத்தமும் மாறி மாறி ஐந்து ஜோடி. முதலாண்டுக்கு இவ்வளவு போதும்.

அப்புறம் ஒன்பதாம் வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பட்' என்று தொடங்கும். அதுவரை கோடை நிலைக்காது, அழகெல்லாம் மங்கும் என்ற ஷேக்ஸ்பியர், தான் பாடும் ஆளிடம் உன் கோடை மட்டும் வாடாது என்று திரும்புகிறார். சானட்டின் உயிர் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. விலைக்கு வரும் நோட்ஸில் இது இருக்காது; '14 வரிப் பாடல்' என்பதோடு முடித்துவிடுவார்கள்.

அந்த 14-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 1609-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானட்டுகளில் 126-ஆவதற்கு 12 வரிதான். அதுவும் இரண்டிரண்டு வரியாக ஆறு ஜோடி. மீதி இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறிகளைப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். 99-ஆவதற்கோ 15 வரி. ஆக, வரியை எண்ணுவது முதல் படி, அவ்வளவுதான். கவிதையைக் கண்ணில் காட்டாமல் 'சானட் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண்' என்று கேட்கும் வினாத்தாள்கள் இருக்கும்வரை நோட்ஸ்காரர்கள் பிழைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன்!

இன்னொன்று. 'பெர்சானிஃபிகேஷன்' (மனிதரல்லாததை மனிதராகவே காட்டுவது) என்பதைத் தற்குறிப்பேற்றம் என்று மொழிபெயர்த்த நோட்ஸை நானே பார்த்திருக்கிறேன். தவறு. இரண்டுக்கும் சிலப்பதிகாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் தானாக ஆடுகிறது. 'வராதீர்கள்' என்று கோவலனையும் கண்ணகியையும் தடுப்பதாகக் கவி தன் கருத்தை அதில் ஏற்றுகிறார். அது தற்குறிப்பேற்றம். புகார்க் கடற்கரையில் பாடும் கானல்வரியில் காவிரி பூவாடை போர்த்து, கயல்மீனே கண்ணாக விழித்து, ஒரு பெண்ணாக நடந்து வருகிறாள். பெர்சானிஃபிகேஷன் இதுதான். 18-ஆம் சானட்டில் சாவு பெருமையடிக்க முடியாது என்று ஓர் இடம் வருமே, அதையும் இதோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நோட்ஸுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.