மனநலச் செயலி: விடையைப் படிப்பவர் யார்?

கேள்வி: மாணவர்கள் தங்கள் மனநிலையைச் செயலி ஒன்றில் வாரந்தோறும் பதிவு செய்யும் ஏற்பாட்டை எங்கள் பள்ளி நிர்வாகம் தொடங்கவிருக்கிறது. வகுப்பாசிரியராக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: செயலியின் வசதிகளை ஆராய்வதற்கு முன்பு, மாணவர் அளிக்கும் விடையை யார், எவ்வளவு நேரத்துக்குள் படிப்பார் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். நேரில் சொல்லத் தயங்குகிற பிள்ளைகள் திரையில் மனம் திறந்து எழுதிவிடுவதுண்டு. அதை எவரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த முறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் குறைவாக இருக்கும் ஒரு மாணவரும் இந்த ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்ற பொருளில் விடையளிக்கக்கூடும் என்பதால், கூட்டுத்தொகையை மட்டும் வைத்துப் பச்சை, சிவப்பு என்று வண்ணமிடும் செயலி அவரைப் பச்சையிலேயே காட்டிவிடும். அந்த விடை தனியாக, உடனடியாக மனநல ஆலோசகரைச் சென்றடைய வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் அது இயலாதென்றால், உதவி எண் அதே திரையில் தோன்றியாக வேண்டும். உயர்ந்த மதிப்பெண்கூட நோய்க்கான தீர்ப்பு ஆகாது. பேசிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி மட்டுமே.

முழு ரகசியம் காக்கப்படும் என்று வாக்களிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரிடம் தெரிவிக்கப்படும் என்பதை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆலோசகர் ஒருவரே இருக்கும் பள்ளியில் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நாளில் தொடங்குவது, என் பார்வையில், பொறுப்பற்ற செயல்.

கேள்வி: என் மகள் தன் கவலைகளை உரையாடும் மென்பொருளிடம் சொல்கிறாள். தடுக்கலாமா?

பதில்: தடுத்தால் மறைத்துச் செய்வாள். 1966-ல் வெளிவந்த எலிசா என்ற எளிய நிரல், எதிராளி சொன்னதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. அதனிடமும் மனிதர்கள் உள்ளம் திறந்தார்கள். தேர்வுப் பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி கற்பதற்கு உங்கள் மகள் பேசும் மென்பொருள் உதவலாம். ஆனால் தூக்கமோ பசியோ பல நாள்களாகக் குறைந்திருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், மென்பொருளிடம் விட்டுவிடாமல் நீங்களே உடன் சென்று ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.