மர வள்ளத்தில் ஊசித் துளைகள்: வாங்கலாமா?

கேள்வி: பாக் நீரிணைக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். பழைய மர வள்ளம் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். அடிப்பலகையில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஊசி நுழையும் அளவில் ஏழெட்டுத் துளைகள் தெரிகின்றன. “மேலோட்டமான புழுதான், மக்கு வைத்துப் பெயின்ட் அடித்தால் போதும்” என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: ஓடாவி (வள்ளம் கட்டும் தச்சர்) ஒருவரை அழைத்துச் சென்று சோதிக்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். இப்படி மரத்தைக் குடையும் கப்பல் புழுவைப் பொறுத்தவரை, வெளியே தெரியும் துளையின் அளவுக்கும் உள்ளே நேர்ந்திருக்கும் சேதத்துக்கும் தொடர்பே கிடையாது.

பெயரில் புழு என்றிருந்தாலும் அது சிப்பி, மட்டி இனத்தைச் சேர்ந்த உயிரினம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக நீரில் மிதந்து வந்து மரத்தில் ஒட்டிக்கொண்டு, தலைப்பக்கம் உள்ள இரண்டு சிறு ஓடுகளால் மரத்தை அராவி உள்ளே போகிறது. நுழைந்த வாசல் கடைசிவரை ஊசித் துளையாகவே இருக்க, உடல் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். சில இனங்கள் ஓரடிக்கு மேலும் நீள்கின்றன. பக்கத்துப் புழுவின் வளையில் குறுக்கிடாமல் விலகிப் போவதால், ஒரே பலகையில் பல புழுக்கள் இருந்து, மேற்புறம் வழவழப்பாகத் தெரிந்தபடியே உட்புறம் முழுவதும் குடைபட்டுப் போக முடியும்.

அராவிய மரத்தூளில் பெரும்பகுதி இதற்கு உணவாகிறது என்பதுதான் சிக்கல். மரத்தின் செல்லுலோஸை உடைக்கும் நொதிகளை, புழுவின் செவுள் செல்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன. கறையானுக்கு இத்தகைய நுண்ணுயிர்கள் குடலில் இருக்கின்றன. கப்பல் புழுவிலோ மரத்தூள் சேரும் குடற்பையில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. செவுளில் உருவாகும் நொதிகள் அங்கிருந்து குடற்பைக்குப் போய்ச் சேர்ந்து மரத்தைச் சர்க்கரையாக்குகின்றன என்பதை 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதனால் கிடைக்கும் சர்க்கரையைப் பாக்டீரியாக்களுடன் பங்கிட வேண்டிய தேவை புழுவுக்குக் குறைகிறது என்று கருதப்படுகிறது. 1983-இல் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் டெரெடினிபாக்டர் டர்னரே என்று பெயரிடப்பட்ட பாக்டீரியா, மரத்தில் மிகக் குறைவாக உள்ள நைட்ரஜனையும் நீரில் கரைந்துள்ள வாயுவிலிருந்து பிடித்துக் கொடுக்கிறது. ஆகவே வெறும் மரத்தை வைத்தே இந்த உயிரினம் பெரும்பாலும் காலத்தை ஓட்டிவிடுகிறது.

சோதனைக்கு வருவோம். வள்ளத்தைக் கரையேற்றி, பாசியையும் பழைய பெயின்ட்டையும் சுரண்டச் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஏராவின் (வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) அடிப்பக்கம், பலகைகள் சேரும் இடங்கள், ஆணி அடித்த இடங்கள் ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஒலி மாறிப் பொத்தென்று கேட்டால், அந்த இடத்தில் விற்பவரின் சம்மதத்துடன் மெல்லிய துளையிட்டுப் பாருங்கள். வெண்மையான சுண்ணாம்புத் துகள் வந்தால் சந்தேகமே வேண்டாம்: புழு தன் வளையின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டுதான் வாழ்கிறது. பலகையை மாற்றிவிடலாம், ஏரா போயிருந்தால் அந்த வள்ளத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

‘தேக்கு, ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். வைரம் பாய்ந்த தேக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் முழுப் பாதுகாப்பு எந்த மரத்துக்கும் இல்லை. வெளிறு (மரத்தின் வெளிப்புற மென்பகுதி) கலந்த பலகை இன்னும் சீக்கிரம் போகும். பைபர் ஒட்டிய வள்ளம் என்றால் கூடுதல் கவனம் தேவை. நல்ல மரத்தின் மேல் ஒட்டிய பைபர், குஞ்சுகளை அண்டவிடாது. ஏற்கெனவே குடைபட்ட பலகையின் மேல் ஒட்டினால், உள்ளிருக்கும் புழு செத்தாலும் போன வலு திரும்பாது, சேதமும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

விற்பனை ஒப்பந்தத்தில் ‘அடிப்பலகையிலும் ஏராவிலும் புழுச் சேதம் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் மறைமுக உத்தரவாதம் தந்ததாகக் கொள்ள முடியாது. நீங்களோ துளைகளைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

கேள்வி: அந்தப் புழுவின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து என்று ஒரு திரவத்தையும் சிபாரிசு செய்கிறார்கள். பலகையில் பூசினால் பலன் உண்டா?

பதில்: அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பாக்டீரியா இருப்பது மரத்தில் அல்ல, மரத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவின் செவுளில். சூழல் ஒவ்வாதபோது புழு தன் வால்பக்கத்துச் சிறு மூடிகளால் வாசலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மேலே பூசிய திரவம் அதனிடம் போய்ச் சேர வழியில்லை. இரண்டு மூன்று நாள் கரையில் கிடத்திவிட்டுப் பெயின்ட் அடிப்பதும் இதே காரணத்தால் போதாது. மரம் நன்றாக உலரும்படி பல வாரங்கள் கரையில் வைத்து, பழுதான பலகைகளை மாற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைத்து) முடித்த பிறகே செம்பு கலந்த அடிப்பூச்சுப் பெயின்ட்டை வாங்குங்கள். அது புதிய குஞ்சுகள் ஒட்டாமல் தடுக்கும்; உள்ளே போய்விட்டதை ஒன்றும் செய்யாது.