கொல்லையில் கொண்டாட்டமா? முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்!

கேள்வி: கிராமத்து வீட்டுக் கொல்லையில் அம்மா அப்பாவின் 50-ஆவது திருமண நாளைக் கொண்டாடப் போகிறோம். மாலை விருந்து. 60 பேர் வருவார்கள், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கொல்லையில் இடுப்பளவு புல், நடுவில் பெரிய மரம், ஓரத்தில் பலகை போட்டு மூடிய பழைய கிணறு. தரையும் சற்றுச் சரிவு. விளக்குச் சரங்களும் தோரணங்களும் வாங்கிவிட்டேன். இனி எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விளக்குச் சரங்களைப் பரண்மேல் போடுங்கள், அம்மா. கடைசி வாரம் வரை அவற்றின் முகத்தில் விழிக்க வேண்டாம். நாளை மாலை, விருந்து தொடங்கும் அதே மணிக்கு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் அரை மணி நேரம் உட்காருங்கள். வெயில் எந்தப் பக்கம் கண்ணைக் குத்துகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லோரும் மரத்தடியில்தான் மேசை போடுகிறார்கள். மாலையில் மரத்தின் நிழல் மரத்தடியில் இருக்காது; கிழக்கே தள்ளிப் போய்ப் படுத்திருக்கும். மேசைகளும் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்தது புல். உள்ளே இறங்கும் முன் நீளமான கோலால் தட்டிக்கொண்டே நடங்கள். கல், கம்பித் துண்டு, உடைந்த கண்ணாடி, சில சமயம் பாம்பும் இருக்கும். இந்த வாரமே முழங்கால் உயரத்துக்குக் கீழே வெட்டி, வெட்டியதை வாரி அப்புறப்படுத்திவிடுங்கள். அடிப்புல் வைக்கோல் நிறத்தில் தெரியும். பயப்படாதீர்கள், பச்சை திரும்பத்தான் ஆறு வாரம் இருக்கிறதே. பிறகு வெட்டும்போதெல்லாம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கடைசி வெட்டு விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடியட்டும். அன்று காலையில் வெட்டினால் துணுக்குப் புல் அத்தனை பேர் காலிலும் ஒட்டும்.

புல் போனதும் குழிகள் தெரியும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடாதீர்கள். நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, நீர் தெளித்து, இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. அப்படியும் சில வாரங்களில் சற்று அமுங்கும். அதனால்தான் இதை முதலிலேயே செய்யச் சொல்கிறேன். சரிவைப் பற்றிக் கவலை வேண்டாம். 50 அடிக்கு ஓரடி இறக்கம் காலுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீரை வடித்துவிடும். பெரியவர்களுக்கு மேட்டுப் பக்கம் இடம் கொடுங்கள்.

விழா நெருங்கும்போது தரைக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆசை வரும். எனக்கு வந்தது. அத்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் புல் பளபளக்க வேண்டுமென்று முந்தைய இரவு வெகு நேரம் குழாயைத் திறந்துவிட்டேன். மறுநாள் சித்தப்பா தட்டோடு வந்து அமர்ந்தார். நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் மெல்ல மண்ணுக்குள் இறங்கின. அவர் பேச்சை நிறுத்தவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வானத்தைப் பார்க்கத் திரும்பியது. தட்டு சட்டையில் கவிழ்ந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. கடைசி இரண்டு நாள் குழாய்ப் பக்கமே போகாதீர்கள்.

மேசைக் கணக்கு எளிது. ஒருவருக்கு இரண்டடி அகலம். ஆறடி மேசையில் பக்கத்துக்கு மூவராக ஆறு பேர். உங்களுக்குப் பத்து மேசை. இரண்டு மேசைகளுக்கு நடுவே ஐந்தடியாவது விடுங்கள். இல்லையென்றால் ஒருவர் எழுந்திருக்க நான்கு பேர் எழ வேண்டும். கயிற்றைத் தரையில் போட்டு அளந்து பார்த்துவிட்டு மேசைக்குச் சொல்லுங்கள்.

கிணற்றுப் பலகையை நம்பவே நம்பாதீர்கள். குழந்தைகள் அதைத்தான் மேடையாக்கிக் குதிப்பார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு உறுதியான வேலி போடுங்கள். மரத்தை அண்ணாந்தும் பாருங்கள்: மற்றக் கிளைகள் தழைத்திருக்க ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் அது பட்ட கிளை. மரம் ஏறத் தெரிந்தவரை வைத்து இறக்குங்கள். குளவிக் கூடு கண்ணில் பட்டால் அதற்கும் தெரிந்த ஆள்தான். வீட்டு ஆண்களின் வீரம் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துத் தோட்டம் முழுக்க விளக்குப் போடலாமா?

பதில்: போடலாம், வெளியில் போடுவதற்கென்றே செய்த விளக்குகளாக இருந்தால். உருளையில் சுற்றிய நீட்டிப்பு ஒயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே மின்சாரம் பாய்ந்தால் சூடேறி உருகும். இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வெள்ளை வெளிச்சத்தைவிட 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகவே வரும். முகங்களும் அதில்தான் அழகு.

கேள்வி: விழாவன்று கொசு மருந்து அடித்தால் போதுமா?

பதில்: போதாது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். மூன்று வாரம் முன்பே தொடங்கி, வாரம் ஒரு முறை பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், கவிழ்க்காத வாளி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழுங்கள். கூரை விளிம்பில் நீர் வழியும் தகரக் குழாயையும் பாருங்கள். இலை அடைத்து அங்கே ஒரு குட்டிக் குளம் இருக்கும்.

கேள்வி: மழை வந்தால்?

பதில்: 60 பேரும் உங்கள் கூடத்தில் நிற்க இடம் இருக்கிறதா என்று இன்றே எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் பந்தல் வேண்டும். மழைநீர் தேங்கித் தொங்காதபடி கூரையைச் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள். விருந்து வெளியிலா உள்ளேயா என்று அன்று காலை பத்து மணிக்கு முடிவு சொல்லும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர் அண்ணாந்து பார்த்து ஐந்து விதமாகச் சொன்னோம். நனைந்தது மேசைத் துணி.