ரயில் கோச் கூரை வேலையும் கீழே விழும் ஆபத்தும்: கேள்வி பதில்

ராமேஸ்வரம், கோச் பராமரிப்பு ஊழியர்: அண்ணே, கூரை ஏசி வேலைக்கு 1.8 மீட்டர் கயிறோட பெல்ட் குடுத்திருக்காங்க. கொக்கியைக் கூரையிலயே மாட்டுறோம். போதுமா?

போதாது தம்பி. கணக்கைப் பாருங்க. கயிறு 1.8 மீட்டர். விழும் வேகத்தை உறிஞ்சும் பை கிழிந்து நீள்வது 1 மீட்டருக்கு மேல். பெல்ட்டில் கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை 1.5 மீட்டர். மொத்தம் 4.3 மீட்டருக்கு மேல். கூரையின் உயரமோ தண்டவாளத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான். கயிறு முழுசாப் பிடிக்கும் முன்பே கால் தரையில் மோதிவிடும். தலைக்கு நேர் மேலே உறுதியான தாங்கியில் தொங்கும், தானாகச் சுருளும் ஃபால் அரெஸ்டர் (விழும்போது உடனே பூட்டிப் பிடிக்கும் கருவி) கேளுங்க. பக்கவாட்டில் மாட்டினால் ஊசலாடிப் போய்ச் சுவரில் அடிபடும். அரெஸ்டர் கிடைக்கும்வரை, கூரை விளிம்புக்கே போக முடியாத அளவுக்குக் கயிற்றைக் குறுக்குங்க. இருபுறமும் கைப்பிடி வைத்த மேடை இருந்தால் இன்னும் நல்லது. மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடும் பாதையா? மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏணியில் கால் வைக்காதீங்க.

பாம்பன்: கச்சான் காத்துல மேலே ஏறலாமா?

காற்று ஓர் அளவைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்துவாங்க. ஆள் தடுமாற அவ்வளவு வேண்டாம். கையில் தகடோ மூடியோ இருந்தால் அதுவே பாய்மரம். நிற்கத் தடுமாறினால் இறங்கிடுங்க.

மண்டபம், ஸ்டோர் பொறுப்பாளர்: ஹார்னஸ் (உடம்புல மாட்டுற பாதுகாப்புப் பட்டை) புதுசாத்தான் இருக்கு, கொக்கி மட்டும் இறுகுது.

உப்புக்காற்றுதான் சார் காரணம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்க. அப்புறமும் கொக்கியின் வாய் தானாக மூடவில்லை என்றால் கழித்துவிடுங்க. வெயிலில் வெளுத்து விறைத்த பட்டையும், ஒருமுறை ஆளைத் தாங்கிய ஹார்னஸும் வெட்டிப் போட வேண்டியவை. இரும்பு ஏணியில் அடிப்படிகளின் வெல்டிங்கைத் தட்டிப் பாருங்க. பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்றிருக்கும்.

உச்சிப்புளி: பிட் லைன்ல (கோச்சுக்கு அடியில வேலை பார்க்கக் குழி வெட்டின தண்டவாளம்) ராத்திரி வேலை. குழியைத் தாண்டிக் குதிச்சுத்தான் போறோம்.

குதிக்கவே கூடாது. குறுக்குப் பலகைப் பாலம், விளிம்பில் மஞ்சள் பெயின்ட், குழிக்குள் விளக்கு, மூன்றும் வேணும். சிந்திய எண்ணெயில் உடனே மணல் போட்டுத் துடைச்சு எடுங்க.

ராமநாதபுரம்: ஒருத்தர் விழுந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீங்க. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் செயலிழக்கலாம். தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்தபடி 108-ஐக் கூப்பிடுங்க. ஹார்னஸில் தொங்குகிறவரை நிமிடக்கணக்கில் இறக்கணும். தொடைப் பட்டை அழுத்தி ரத்த ஓட்டம் தடைபடும், மயக்கம் வரும். அதற்கான ஏணியும் ஆளும் வேலை தொடங்கும் முன்பே கீழே தயாராக நிற்கணும்.

அவரே: விழுந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி ஆச்சே, இழப்பீடு யார் தருவாங்க?

அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்க. இழப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, வேலை கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பு.