நன்றி வராத ஒக்டோபர்

கேள்வி: கனடாவில் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். பத்து ஆண்டுகளாக அந்த விருந்து எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. கணவரின் அண்ணன், அக்கா குடும்பங்களும் சேர்ந்து பதினான்கு பேர். சாப்பிடத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் எதற்காக நன்றியோடு இருக்கிறோம் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டு வந்த வழக்கம் அது. இந்தச் சித்திரையில் யாழ்ப்பாணத்தில் என் அம்மா காலமானார். பயணப் பத்திரம் கைக்கு வராததால் போக முடியவில்லை. கிரியைகளைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தம்பி மனைவிதான் பார்த்துக்கொண்டாள். என் முறை வரும்போது நான் என்ன சொல்வது? நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. விருந்து வேண்டாம் என்றால் மகளின் முகம் வாடிவிடுகிறது. பொய் சொல்லவும் மனம் ஒப்பவில்லை.
– ஸ்காபுரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் சமையலைக் கைமாற்றிவிடுங்கள். கணவரின் அக்கா வீட்டிலும் அடுப்பு எரியும்தானே. ஆண்டுத் திவசம் முடியும் வரை நல்லநாள் பெருநாள் கொண்டாடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். வருகிற தீபாவளிக்கு உங்களிடம் யாரும் பலகாரம் எதிர்பார்க்க மாட்டார்கள். நன்றி நாள் விருந்தின் வான்கோழி மட்டும் கனடாவின் பண்டிகையைச் சேர்ந்தது, அதற்குத் துக்கவீட்டு விதி பொருந்தாது என்று நாமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் இந்த ஆண்டு உப்புப் புளி பார்க்காமல் விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். மகளுக்கு விருந்துதான் வேண்டும். அது எந்த வீட்டில் நடந்தால் என்ன?

அடுத்தது அந்த ஒரு வரி. நன்றி நாள் என்றால் மகிழ்ச்சியான முகத்தோடு வர வேண்டும் என்று எண்ணிப் பயப்படுகிறீர்கள். இந்த நாட்டில் அந்த நாள் எப்போதும் அப்படி இருந்ததில்லை. கனடா ஒரு நாடாகச் சேர்ந்த பிறகு முதன்முதலாக நன்றி நாள் கொண்டாடப்பட்டது 1872 ஏப்ரலில். அறுவடைக்காக அல்ல, பிரிட்டிஷ் அரச வாரிசான வேல்ஸ் இளவரசர் கடும் நோயிலிருந்து பிழைத்ததற்காக. 1921இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி முதலாம் உலகப்போர் முடிந்த நாளும் நன்றி நாளும் நவம்பர் 11 வருகிற வாரத்தின் திங்கட்கிழமையில் ஒன்றாகவே வந்தன. பத்து ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. போர்க்களத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அன்று மேசையில் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் யோசித்ததுண்டு. அந்த ஏற்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை, 1931இல் பிரித்துவிட்டார்கள். ஒக்டோபர் இரண்டாவது திங்கள் என்று நிலைத்தது 1957இல்தான். எப்படியோ, சாவும் நன்றியும் ஒரே நாளில் உட்கார இடம் கொடுத்த பண்டிகை இது.

ஆனால் உங்களை உறுத்துவது இதுவல்ல என்று நினைக்கிறேன். 'செய்ந்நன்றி அறிதல்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அங்கே நன்றி என்பது மற்றவர் செய்த நன்மை. நம்முடைய வேலை அதை அறிவது, அவ்வளவுதான். மனம் நெகிழ வேண்டும், முகம் மலர வேண்டும் என்றெல்லாம் அந்தச் சொற்களில் இல்லை. உங்கள் மேசை வழக்கத்தில் எனக்குச் சற்று எரிச்சல் வருவதும் இதனால்தான். எனக்கு வீடு இருக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தத்தம் சொத்துப் பட்டியலை வாசிக்கிறோம். நன்றி யாருக்கு என்பது அதில் வருவதே இல்லை. பிரான்ட்ஃபோர்ட் பக்கம் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் பூர்வகுடிகளான ஹோடனஷோனி மக்கள் கூட்டம் தொடங்கும் முன் ஒரு நன்றியுரை சொல்வார்கள். நீருக்கு, மீனுக்கு, பயிர்களுக்கு, மரங்களுக்கு, இடிக்கு, சூரியனுக்கு, நிலவுக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போகும் நீண்ட உரை அது.

உங்கள் கடிதத்தில் ஒருத்தி ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறாள். எட்டு மாதம் அம்மாவைப் பார்த்த உங்கள் மச்சாள். படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், கஞ்சியைக் கரண்டியால் கொடுக்க வேண்டும், இரவில் கூப்பிட்ட குரலுக்கு எழும்ப வேண்டும். அவளோடு நீங்கள் சித்திரைக்குப் பிறகு மனம்விட்டுப் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இல்லை என்றே படுகிறது. நான் செய்ய வேண்டியதை அவள் செய்தாளே என்ற குற்ற உணர்வு, நம் வாயை அடைக்கும்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். என் அப்பா ஊரில் நோயாகக் கிடந்தபோது நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன். அண்ணி பார்த்துக்கொண்டார். பணம் அனுப்பியதே நன்றி சொன்னதுதான் என்று இருந்துவிட்டேன். பதினோரு ஆண்டு கழித்து ஊருக்குப் போனபோதுதான் பேச்சை எடுத்தேன். அண்ணி சிரித்தார். "அப்பா கடைசியில் என்ன கேட்டார் என்று நீ ஒருநாளும் விசாரிக்கவில்லையே" என்றார். அதற்குப் பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

ஆகவே நீங்கள் விருந்துக்கு முதல்நாள், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, அவளுக்குத் தொலைபேசி எடுங்கள். அங்கே அப்போது திங்கள் காலை ஐந்தரை, ஆள் எழும்பியிருக்கும் நேரம். 'நன்றி' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். நம் வீடுகளில் சொந்தக்காரரிடம் அதைச் சொன்னால் அந்நியப்படுத்தியது போல ஆகிவிடும். கேளுங்கள். அம்மா இரவில் எத்தனை தரம் எழுப்புவார், என்ன சாப்பிடக் கேட்டார், அவளோடு கோபித்துக்கொண்டாரா, உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவள் அழுதால் அழ விடுங்கள். நீங்களும் அழலாம். ஆத்திரம் வந்தால் அது வராமல் போன பயணப் பத்திரத்தின் மேல் வரட்டும், அவள் மேல் திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவைப்பது நல்லது. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள். மேசையில் உங்கள் முறை வரும்போது மச்சாளின் பெயரைச் சொல்லி, அவள் அம்மாவுக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். குரல் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவருக்குக் கையைக் காட்டிவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஞாயிறு இரவு மச்சாள் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால், விருப்பமில்லை போலும் என்று வைத்துவிடாதீர்கள். அந்த நேரம் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். அரை மணி கழித்து மறுபடியும் எடுங்கள்.