சாயல்குடிப் பக்கம் கடலோரத் தோப்பு வீட்டில் குழந்தைகளோடு தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். ஆனால் 'ரிசார்ட் மாதிரி வசதி இருக்குமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எதிர்பார்ப்பு இருந்தால் ராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொள்வதே நல்லது. தோப்பு என்பது ஒரு குடும்பம் பாடுபட்டுப் பிழைக்கிற இடம். அதில் ஓரமாக நமக்கும் ஒரு வீடு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன பங்குனியில் நாங்கள் நான்கு பேர், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பனந்தோப்பில் மூன்று நாள் தங்கினோம். ராமநாதபுரத்திலிருந்து போகும் வழியில் அங்கங்கே முண்டு மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கினாலே நெடி ஏறும். வீட்டுக்கு ஓலைக் கூரை, பனஞ்சட்டம், இரண்டு கயிற்றுக் கட்டில். கழிப்பறை தனியாக வெளியே. ஏசி கிடையாது, கடல்காற்று போதும். காற்று விழுந்த ஒரு ராத்திரி மட்டும் கொசு படுத்தி எடுத்தது.

நீங்கள் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். அந்த மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அதனால் ஆழம் இல்லாத ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து குடத்தில் ஊற்றுகிறார்கள். முதல் நாள் என் மகள் ஆசையாக மொண்டபோது தோப்புக்கார அக்கா, "பைய மோந்து ஊத்து தாயி, கலங்கிட்டா தெளிய நேரமாகும்" என்றார். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆனது. அன்று காலையில்தான் குளிக்கிறேன் என்று நாங்கள் நான்கு குடத்தைக் காலி செய்திருந்தோம். அதை நினைக்க இன்றும் மனசு உறுத்துகிறது. மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு வாளிதான்.

அப்புறம் பதநீர். விடியுமுன் தோப்புக்கார அண்ணாச்சி மரம் ஏறிவிடுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சாயங்காலம் மறுபடியும் ஏற்றம். இறக்கியதை ஓலைப் பட்டையில் ஊற்றி எங்களுக்குக் கொடுத்தார். மீதி அடுப்புக்குப் போனது. அக்கா மணிக்கணக்காகப் புகையில் நின்று காய்ச்சுவார். பொங்கி வழிய வந்தால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார், நுரை அப்படியே அடங்கிவிடும். பாகு பதத்துக்கு வந்ததும் கொட்டாங்குச்சிகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அதைப் பார்த்த பிறகு கடையில் கருப்பட்டி விலையைப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே ஐந்து கிலோ வாங்கினோம்.

கடலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மன்னார் வளைகுடா. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அலை முரட்டுத்தனமாக இருக்கும், குழந்தைகளை இறக்காதீர்கள். அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினம் அல்லது அரியமான் போய்விடுங்கள், அங்கே கடல் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஓலை வீட்டுக்கு ஒத்துவராது. தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்த வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

கெட்டியான செருப்பு கொண்டுபோங்கள். சீமைக் கருவேல முள் என் பையனின் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. டார்ச் லைட், கொசுவலை, குடிக்க இரண்டு கேன் தண்ணீர் இவையும் வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் தோப்புக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், இப்போது பனை ஏறுகிறார்களா? பங்குனி, சித்திரை என்றால் இரண்டாவதுக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும்.