மனைவிக்கு நாய் உயிர், எனக்குக் கூசுகிறது

மனைவிக்கு நாய் என்றால் உயிர், எனக்கு மட்டும் கூசுகிறதே, நான் கல்நெஞ்சனா என்று கேட்கிறீர்கள். கல்நெஞ்சு எல்லாம் இல்லை, பெரும்பாலும் வளர்ந்த விதம்தான். நாய் திண்ணை தாண்டாத வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். உங்கள் மனைவியோ குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியவர். பிறவிக்கும் பங்குண்டு: 2019இல் வெளியான ஸ்வீடன் இரட்டையர் ஆய்வில், நாய் வளர்ப்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபு சார்ந்தது என்று தெரிந்தது. (நாய் வளர்ப்பது வேறு, நாய் மேல் ஆசை இருப்பது வேறு, அது இருக்கட்டும்.)

கூசுவது பயத்தாலா அருவருப்பாலா என்று தெரிய, நாயைக் கட்டிப்போட்டிருக்கும்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். நெஞ்சு படபடத்தால் பயம். மெல்லப் பழகினால் குறையும். எச்சில், முடி, வாடைதான் தொந்தரவு என்றால் அருவருப்பு. அப்படியானால் படுக்கையறைக்குள் மட்டும் வேண்டாம் என்று பேசி முடியுங்கள்.

தும்மலும் கண் அரிப்பும் வந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். அலர்ஜியாக இருக்கலாம், பழகிப் பார்க்கிற விஷயம் இல்லை.